அப்பாவின் சுத்தியலும் பாய்லர் தகட்டின் தடிமனும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். "டீச்சர் இன்னும் பாடம் நடத்துறத விடலையே" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம், அவனுக்குக் கூச்சம். திருச்சியில் உலோகச் சோதனைப் பயிற்சி முடித்து வளைகுடா நாட்டுக்குப் போனவன். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் குழாயும் தொட்டியும் எவ்வளவு மெலிந்திருக்கின்றன என்று அளப்பது அவன் வேலை. திருச்சி, தஞ்சாவூர் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்.

பையிலிருந்து செல்போன் அளவுக்கு ஒரு கருவியை எடுத்தான். அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் விரல் தடிமனுக்கு ஒரு சின்னக் கட்டை.

"டீச்சர், இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"நீயே சொல்லுடா. எனக்கு எங்க தெரியும்?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான் டீச்சர். ஆறாம் வகுப்புல எங்களையெல்லாம் கிணத்துக்கிட்ட கூட்டிட்டுப் போயி கத்தச் சொன்னீங்களே, அந்த எதிரொலிதான் இது."

எங்கள் வாசல் இரும்புக் கேட்டின் தகட்டில் ஒரு சொட்டுப் பசை போல எதையோ தடவி, கட்டையை அதன்மேல் வைத்தான். திரையில் ஒரு எண் வந்தது. தகட்டின் இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் தொட்டு, மறுபக்கம் போகாமலே, அதன் தடிமனைச் சொல்லிவிட்டது.

எனக்கு அந்த நிமிடம் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. உறவுக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது: அப்பா ஒரு ரயில்வே பட்டறையில் பாய்லர் வேலை பார்த்தவர். நீராவி எஞ்சினின் பாய்லரைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, எங்கே கோளாறு என்று சொல்வது அவருடைய தொழில்.

"ஏண்டா, இத வச்சு ரயில் எஞ்சின் பாய்லரையும் அளக்கலாமா?" என்று கேட்டேன்.

"இப்ப அதுக்கும் இதுதான் டீச்சர். வெளிநாட்டுல பழைய நீராவி எஞ்சின் ஓட்டுற சங்கத்துக்காரங்க, எந்தக் கருவிய வாங்குறதுன்னு எங்கள மாதிரி ஆளுங்ககிட்டதான் கேக்குறாங்க."

அன்றிலிருந்து ஒரு மாதமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

*

முதலில் ஒரு கணக்கு. கரும்பலகை இல்லை, மனதிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

நீராவி எஞ்சினின் பாய்லர் ஒரு பெரிய இரும்பு உருளை. குறுக்களவு ஒன்றரை மீட்டர், தகடு 15 மில்லிமீட்டர், உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தகட்டின் தடிமனால் வகுத்தால், தகட்டை எவ்வளவு விசை இழுக்கிறது என்று தெரியும். 12 பெருக்கல் 75, வகுத்தல் 1.5. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 600 கிலோ. சாதாரண எஃகு சுமார் 4000 கிலோவில்தான் அறுந்துபோகும். ஆறு மடங்குக்கு மேல் பாதுகாப்பு இருக்கிறது. ரிவெட் துளைகளால் வருகிற பலவீனத்தை நான் இங்கே சேர்க்கவில்லை.

இப்போது அதே தகடு உள்ளே அரித்து 8 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. 12 பெருக்கல் 75, வகுத்தல் 0.8. விடை 1125 கிலோ. பாதுகாப்பு மூன்றரை மடங்காகக் குறைந்துவிட்டது. அமெரிக்காவில் நீராவி எஞ்சினுக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 4 மடங்கு. வெளியிலிருந்து பார்த்தால் பாய்லர் நேற்று இருந்தது போலவே, கறுப்புப் பெயின்ட் பளபளக்க நிற்கும். ஆனால் அதை ஓட்டக்கூடாது.

பாய்லர் தகடு மெலிவது உள்பக்கம், தண்ணீர் இருக்கிற பக்கம். கெட்ட தண்ணீர், தண்ணீரில் கரைந்த காற்று, படியும் உப்பு, எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தின்னாது. ஓரிடத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள், இன்னோரிடத்தில் தகடுகள் சேரும் விளிம்பில் நீளமாக ஒரு பள்ளம். உள்ளே ஆள் நுழைய முடியாதபடி நூற்றுக்கணக்கான குழாய்கள் அடைத்துக்கொண்டிருக்கும்.

ஆக, நீராவி பிறந்த நாளிலிருந்து மனிதனுக்கு இருந்த கேள்வி இதுதான். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் தகடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

*

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ததற்கு உலகம் கொடுத்த விலை பெரியது.

1865 ஏப்ரல் 27. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் மெம்ஃபிஸ் நகரத்துக்கு அருகே சுல்தானா என்ற நீராவிப் படகு வெடித்தது. உள்நாட்டுப் போர் முடிந்து சிறையிலிருந்து விடுதலையாகி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த போர்வீரர்கள் அதில் இருந்தார்கள். 376 பேர் ஏற வேண்டிய படகில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். சில நாள் முன்னால்தான் அதன் பாய்லரில் ஒரு கசிவுக்கு ஒட்டுப் போட்டிருந்தார்கள். பழைய தகட்டைவிட ஒட்டுத் தகடு மெலிசு. மெலிசான ஒட்டுக்கு ஏற்றபடி அழுத்தத்தைக் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. வெடிப்புக்குக் காரணம் ஒட்டா, தண்ணீர் குறைவா, பாரமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். தகட்டின் தடிமன் தெரிந்திருந்தும் அதை மதிக்கவில்லை என்பதில் மட்டும் வாதம் இல்லை.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்த பிறகு, 1864-இல் வங்காளத்தில் பாய்லர் ஆய்வுச் சட்டம் வந்தது. பிறகு மாகாணத்துக்கு ஒன்றாகச் சட்டங்கள் வந்து, எல்லாவற்றையும் சேர்த்து 1923-இல் இந்திய பாய்லர் சட்டம் ஆனது. ரயில்வேயின் எஞ்சின் பாய்லர்களை மட்டும் அந்தச் சட்டம் விட்டுவிட்டது. ரயில்வே தன் பாய்லர்களைத் தானே சோதித்துக்கொண்டது. அந்தச் சோதனையின் கடைசிப் படியில், கையில் சுத்தியலோடு நின்றவர்களில் ஒருவர் என் அப்பா.

*

அப்பா காலத்தில் எப்படிச் சோதித்தார்கள்?

மூன்று வழிகள். முதல் வழி, சுத்தியல். பாய்லரின் பின்பகுதியில் நெருப்புப் பெட்டி இருக்கும். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, நடுவில் தண்ணீர். இரண்டு பெட்டிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பவை நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல போல்ட் 'டிங்' என்று பாடும். உடைந்தது 'டப்' என்று ஊமையாகும். பானை வாங்கும்போது நாம் தட்டிப் பார்ப்பதில்லையா, அதேதான்.

போல்ட்டே தன் உடைப்பைச் சொல்லும்படி ஒரு சிறு தந்திரமும் உண்டு. அதன் வெளி நுனியில் நடுவாக மெல்லிய துளை போட்டு வைப்பார்கள். போல்ட் உள்ளே விரிசல் விட்டால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசியும். கசிகிறதே என்று துளையை அடைத்துவிட்டால், வாயைப் பொத்தியது போல.

இரண்டாவது வழி, தண்ணீரை நிரப்பி, ஓட்டும் அழுத்தத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது. அன்றைக்குத் தாங்கியதா என்று அது சொல்லும். இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லாது.

மூன்றாவது, சந்தேகம் வந்த இடத்தில் தகட்டையே துளைத்து, தடிமனை நேராக அளந்து, பிறகு துளைக்கு மரை போட்டு அடைப்பது. நோயைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் அறுவை சிகிச்சை செய்வது மாதிரி. எத்தனை இடத்தில் துளைப்பது?

சுத்தியலுக்கு இன்னொரு குறை. உடைந்த போல்ட்டை அது காட்டிக்கொடுக்கும். 15 மில்லிமீட்டர் தகடு 11 ஆகியிருந்தால் சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. மெலிவது சத்தம் போடாமல் நடக்கிற காரியம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. காதை நம்பி நடந்த அந்தத் தொழில், காதையே தின்றது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் 1886-இல் பாய்லர் தொழிலாளர்கள் 100 பேரைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது முழுசாகக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் 'பாய்லர்காரர் செவிடு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இல்லை. அப்பாவிடம் பேசும்போது உரக்கப் பேச வேண்டும், அவ்வளவுதான். அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடமாட்டார், வந்து தோளைத் தொடுவார். எங்கள் வீட்டில் எல்லோருக்குமே குரல் பெரிசு. வகுப்பில் எனக்கு மைக் தேவைப்படாததற்கு அதுதான் காரணம்!

*

ஒலி சுவரில் பட்டுத் திரும்பும், திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம் என்பது உங்கள் ஆறாம் வகுப்புப் பாடம். அதை இரும்புக்குள் செய்துபார்க்க மனிதனுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

1880-இல் பிரான்ஸில் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும் என்பதும் பிறகு தெரிந்தது. முதல் உலகப் போரில் லாங்கெவின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அந்தப் படிகத்தைக் கொண்டு கடலுக்குள் நம் காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் வழி கண்டார். 1920களின் கடைசியில் சோவியத் நாட்டில் சொகொலோவ், உலோகத்துக்குள்ளும் மீயொலியை அனுப்பிக் குறை தேடலாம் என்றார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபயர்ஸ்டோன், ஒலியைத் துடிப்பாக அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவிக்கு 1940-இல் விண்ணப்பித்து 1942-இல் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் ஸ்ப்ரூல் என்பவரும் ஏறக்குறைய அதே சமயத்தில் தனியாக அதைச் செய்தார். இன்று என் மாணவன் கையில் இருக்கும் கருவிக்கு இவர்கள்தான் பாட்டன்மார்.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எஃகில் சுமார் 5900 மீட்டர். 10 மில்லிமீட்டர் தகட்டில் போய்த் திரும்ப 20 மில்லிமீட்டர். அதற்கு எடுக்கும் நேரம், ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சுமார் மூன்றரைப் பங்கு. எங்கள் கிணற்றடியில் ஒன், டூ என்று எண்ணினோமே, அந்த வேலையைத்தான் கருவி இவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறது.

இதில் வரலாற்றின் ஒரு வேடிக்கையையும் பாருங்கள். இந்தக் கருவிகள் பட்டறைகளுக்குப் பரவிய அதே வருடங்களில்தான் நீராவி எஞ்சின் விடைபெற்றது. அமெரிக்காவின் பெரிய ரயில் பாதைகளில் 1960 வாக்கில் நீராவி முடிந்தது. நம் நாட்டின் அகலப் பாதையில் 1995 வரை தாக்குப்பிடித்தது. மருந்து வந்தபோது நோயாளி கிளம்பிவிட்டார்.

ஆனால் முழுசாகக் கிளம்பவில்லை. பழைய எஞ்சின்களை விரும்பிகள் காப்பாற்றி, விடுமுறை நாட்களில் சுற்றுலா ரயிலாக ஓட்ட ஆரம்பித்தார்கள். அறுபது, எழுபது, நூறு வயதான பாய்லர்கள். அவற்றோடு வாழ்ந்த தொழிலாளர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள், பலர் இறந்தும் விட்டார்கள்.

*

1995 ஜூன் 16. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் ரயில்பாதை. கனடாவில் 1948-இல் கட்டப்பட்ட 1278 என்ற எண்ணுள்ள எஞ்சின், முந்நூறுக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளை இழுத்துக்கொண்டு போனது. கார்ட்னர்ஸ் என்ற ஊருக்கு அருகே நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு கிழிந்து, நீராவி எஞ்சின் அறைக்குள் பாய்ந்தது. உள்ளே இருந்த மூவருக்கும் தீக்காயம். பயணிகள் தப்பினார்கள். கூரைத் தகட்டைத் தாங்கிய போல்ட்டுகள் இரண்டு வகையாக இருந்ததால் தகடு ஒரேயடியாகப் பிய்ந்து போகாமல் பகுதி பகுதியாக விட்டுக்கொடுத்தது. இல்லாவிட்டால் பாய்லரே பறந்திருக்கும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த விபத்துக்குக் காரணம் தகடு மெலிந்தது அல்ல, தண்ணீர் குறைந்தது. கூரைத் தகட்டின்மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். இல்லையென்றால் காலி வாணலியை அடுப்பில் வைத்த கதைதான். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் வழி உப்புப் படிந்து அடைத்திருந்தது. கருவி இருந்தது, பராமரிப்பு இல்லை. பழைய எஞ்சின்களைக் காப்பாற்றும் அறிவு ஆட்களோடு சேர்ந்து அழிந்துகொண்டிருக்கிறது என்று விசாரணை எச்சரித்தது.

அதன் பிறகு அமெரிக்கா 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் வந்த பழைய விதிகளை எடுத்து முழுசாகத் திருத்தியது. 1999 நவம்பரில் புதிய விதி வந்தது. எஞ்சின் நெருப்பேற்றி வேலை செய்த நாட்கள் 1472 ஆனாலும் சரி, 15 வருடம் ஆனாலும் சரி, எது முந்துகிறதோ அப்போது பாய்லரைப் பிரித்து, குழாய்களை எடுத்து, உள்ளும் புறமும் பார்க்க வேண்டும். மீயொலியால் தகடுகளின் தடிமனை இடம் இடமாக அளந்து, அந்த அளவில் பாய்லர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று புதிதாகக் கணக்குப் போட்டு, படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த விதி ரயில் எஞ்சினுக்கு மட்டும். 2001 ஜூலை 29 அன்று ஒஹாயோ மாநிலத்தில் மெடினா என்ற ஊர்க் கண்காட்சியில், சாலையில் ஓடும் பழைய நீராவி டிராக்டர் ஒன்று வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள், ஏறக்குறைய ஐம்பது பேருக்குக் காயம். தண்ணீர் குறைந்திருந்தது, பாதுகாப்பு உறுப்புகள் சரியில்லை, கூரைத் தகடும் மெலிந்திருந்தது. யாராவது அதை ஒரு முறை அளந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

*

சரி, அளக்கத்தான் கருவி வந்துவிட்டதே, ஒன்றை வாங்கிக்கொண்டால் போதாதா? நானும் அப்படித்தான் கேட்டேன். "டீச்சர், உங்க வீட்டுல செம்புச் சாமான் ஏதாச்சும் இருக்கா?" என்றான்.

பரணில் எங்கள் பழைய வெந்நீர் பாய்லர் கிடந்தது. நடுவில் கரி போடும் குழாய், சுற்றிலும் தண்ணீர். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்ததுதான். அடி ஓட்டையாகி இருபது வருடம் ஆகிறது. இறக்கி வைத்தேன். கருவியை இரும்புக்கு உரிய அமைப்பிலேயே வைத்துச் செம்புத் தகட்டை அளந்தான். 2 மில்லிமீட்டர் என்று காட்டியது. பிறகு ஓட்டையான இடத்தை வெட்டி, அதே தகட்டை வெர்னியரில் பிடித்தான். 1.6.

"பாத்தீங்களா, நல்ல கருவிதான். ஆனா பொய் சொல்லுது."

காரணம் எளிது. செம்பில் ஒலி மெதுவாகப் போகும், நொடிக்கு ஏறக்குறைய 4700 மீட்டர். எதிரொலி தாமதமாக வருவதைக் கருவி 'தகடு தடிமன்' என்று புரிந்துகொள்கிறது. பிரிட்டிஷ் மரபில் கட்டிய எஞ்சின்களில் உள் நெருப்புப் பெட்டி பெரும்பாலும் செம்பு. இரும்பு அமைப்போடு அதை அளந்தால் 10 மில்லிமீட்டர் தகடு ஏறக்குறைய 12.6 என்று வரும். உயிருக்கு ஆபத்தான பக்கம் தவறு.

அன்று மாலை முழுக்க அவன் எனக்குப் பாடம் நடத்தினான். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எண்ணை மட்டும் காட்டும் கருவி விலை குறைவு. எதிரொலியை அலைக் கோடாகத் திரையில் வரைந்து காட்டும் கருவி விலை அதிகம். புதுத் தகட்டுக்கு முதலாவது போதும். பழைய பாய்லருக்குப் போதாது. தகட்டின் உள்ளே உருட்டும்போதே ஒரு அடுக்குப் பிரிந்திருந்தால், ஒலி அங்கேயே பட்டுத் திரும்பும். 12 மில்லிமீட்டர் தகட்டுக்கு 6 என்று எண் வரும். குழி விழுந்த இடத்தில் எதிரொலி சிதறும். அலைக் கோட்டைப் பார்த்தால்தான் வந்தது உண்மையான எதிரொலியா, பாதியில் திரும்பியதா என்று பழகிய கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது, தொடுகிற கட்டை. குழி விழுந்த தகட்டுக்கு, ஒரு பாதி ஒலி அனுப்பவும் மறுபாதி கேட்கவும் செய்கிற இரட்டைக் கட்டை நல்லது. ரிவெட்டுகளுக்கும் போல்ட்டுகளுக்கும் நடுவே நுழையச் சிறிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் குறைந்தபட்ச அளவு ஒன்று உண்டு. தகடு அதற்கும் கீழே மெலிந்திருந்தால், இரண்டாவது எதிரொலியைப் பிடித்துக்கொண்டு இரு மடங்காகக் காட்டிவிடும்.

பெயின்ட் இன்னொரு வில்லன். பெயின்டில் ஒலி மிக மெதுவாகப் போவதால், அரை மில்லிமீட்டர் பெயின்ட் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமான இரும்பு போலத் தெரியும். பெயின்டைக் கழித்து அளக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. ஆனால் குழி விழுந்த தகட்டில் அது தடுமாறும். "காசு குடுத்து வசதி வாங்குறதவிட, அந்த இடத்த ஒரு ரூபா காசு அளவுக்குச் சுரண்டிட்டு அளக்குறது மேல் டீச்சர்" என்றான்.

கடைசியாக, தடிமன் தெரிந்த படிக்கட்டு போன்ற ஒரு உலோகத் துண்டு. வேலை தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் அதை அளந்து பார்க்க வேண்டும். அளக்கும் தகடு எந்த உலோகமோ அதே உலோகத்தில் அது இருக்க வேண்டும். பழைய பாய்லர்களில் எஃகுக்கு முந்தைய தேனிரும்பு இருந்தால் இன்னும் கவனம். அதன் நார் நாரான கசடுகள் ஒலியைக் குழப்பும்.

இதையெல்லாம் கேட்டபோது எனக்குப் பட்டது, கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பாய்லரைத் தெரிந்திருக்க வேண்டும். எந்த உலோகம், எந்த மூலையில் அரிக்கும், எந்தத் தகடு எப்போது ஒட்டுப் போடப்பட்டது. அது தெரியாதவர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அவர் வாங்குவது ஒரு எண் காட்டும் பெட்டி.

எல்லாம் சரியாக இருந்தாலும் தடிமன் அளக்கும் கருவிக்குத் தெரியாதவை உண்டு. தகட்டு விளிம்பில் ஓடும் மெல்லிய விரிசல் அதன் கண்ணில் படாமல் போகலாம். போல்ட் உடைந்ததை அது தேடுவதில்லை. தண்ணீர் குறைவதை அது தடுக்காது. அதனால்தான் புதிய விதியிலும் சுத்தியல் சோதனை இருக்கிறது, தண்ணீர் அழுத்தச் சோதனை இருக்கிறது. அப்பாவின் சுத்தியல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

*

கிளம்பும் முன் அவன் ஒன்று சொன்னான்.

"டீச்சர், எங்க வேலையில பெரிய ஆபத்து கருவி இல்ல. ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான இடம் அளக்கணும். வெயிலு. சாரம் கட்டி ஏறணும். மேல இருந்து அவசரப்படுத்துவாங்க. போன வருஷத்து எண்ணுலருந்து கொஞ்சம் கழிச்சு, உக்காந்த இடத்துலயே எழுதிடுற ஆளுங்க இருக்காங்க. நானும் முதல் வருஷத்துல ஒரு நாள் ரெண்டு புள்ளிய அப்படி எழுதிட்டேன். ராத்திரி தூக்கமே வரல. மறுநாள் ஏறிப் போயி அளந்து திருத்தினேன்."

நான் அவனைத் திட்டவில்லை. அவனுக்கு அப்பாவைப் பற்றிச் சொன்னேன். இதை எங்கள் குடும்பத்தில்கூட எல்லோருக்கும் சொன்னதில்லை.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். கடைசிச் சில வருடங்கள் அவருக்கு உயர்ந்த சத்தங்கள் கேட்கவில்லை. 'டிங்'கும் 'டப்'பும் ஒன்றாகவே கேட்டன. வெளியே சொன்னால் வேலையை மாற்றிவிடுவார்கள், சம்பளம் குறையும், என் தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் இடது உள்ளங்கையைத் தகட்டில் வைத்து அதிர்வை உணர்ந்து பார்த்தாராம். கூட இருந்த இளம் தொழிலாளியைத் தட்டச் சொல்லி, "உனக்கு என்ன கேக்குது, சொல்லு, கத்துக்கோ" என்று கற்பிப்பது போல அவன் காதை இரவல் வாங்கினாராம்.

"ஆனா அவன் வராத நாளும் இருந்துச்சும்மா. எனக்குக் கேக்காததால 'நல்லா இருக்கு'ன்னு எழுதின போல்ட் ஏதாச்சும் இருந்திருக்குமோன்னு இன்னமும் ராத்திரி நினைப்பு வருது."

அப்பா சோதித்த எஞ்சின் எதுவும் வெடித்ததாக அவருக்குத் தெரிந்து இல்லை. நான் அதைச் சொன்னேன். அவர் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு அப்பாவின் அந்த இரவுகள் புரிந்தன. அவர் எழுதிக் கொடுத்தது 'நல்லது', 'கெட்டது' என்ற ஒரு சொல். அதைச் சரிபார்க்க இன்னொருவரால் முடியாது. அவர் காதுதான் சாட்சி. இன்றைக்கு ஒரே இடத்தில் 2010-இல் 12.4, 2025-இல் 11.8 என்று எண் இருந்தால், அளந்தவர் இறந்த பிறகும் அடுத்த தலைமுறை அதே புள்ளியில் கட்டையை வைத்து, எந்த வேகத்தில் மெலிகிறது என்று கணக்குப் போடலாம். ஒருவர் தவறை இன்னொருவர் திருத்தலாம். மீயொலிக் கருவி பாய்லர்காரருக்குக் கொடுத்த பெரிய பரிசு இதுதான் என்று நினைக்கிறேன். தனியாகச் சுமந்த பாரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பங்குபோட வைத்தது. ஆனால் நோட்டில் எழுதும் எண் உண்மையாக அளந்ததாக இருக்க வேண்டும். அந்த ஒரு இடத்தில் அப்பா காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் வித்தியாசமே இல்லை.

நம் நீலகிரி மலை ரயிலை நினைத்துப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் நீராவி எஞ்சின்கள். அவற்றில் பழையவை சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. இந்த நூற்றாண்டில் நம் பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகவும் கட்டினார்கள். அடுத்த முறை பேரக் குழந்தைகளோடு அதில் போகும்போது, ஜன்னல் வழியாக மலையைக் காட்டுங்கள். கூடவே அந்தக் கறுப்பு எஞ்சினையும் காட்டி, அதன் தகட்டை யாரோ ஒருவர் தட்டியும் அளந்தும் பார்த்து, உண்மையை எழுதி வைத்ததால்தான் நாம் நிம்மதியாக உட்கார்ந்து முறுக்குச் சாப்பிடுகிறோம் என்று சொல்லுங்கள்.

இந்த வேலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வெயிலாக இருந்தாலும் ஏறிப் போய் அளந்து எழுதுங்கள். காதுக்கு அடைப்பான் மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

யார் வீட்டிலாவது பழைய பாய்லர்காரர், ஃபயர்மேன், டிரைவர் தாத்தா இருந்தால், அவர்கள் சொன்ன கதைகளைக் கீழே எழுதுங்கள். கணக்கில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள், மார்க் குறைக்கமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்